கசிவு இல்லை

நான்கு நாளாய் பம்பு உறிஞ்சுகிறது.
மீட்டரில் எண் இறங்கி இறங்கி
நேற்று மாலையோடு நின்றுவிட்டது,
படிக்கட்டில் உட்கார்ந்து அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி.

ஓட்டை என்கிறார் மிஸ்டர் ஓங்.
பாயான் லெப்பாஸில் இரவு இரண்டு மணி.
ஹஸ்லிண்டா ஹீலியம் குழாயை எடுத்து
ஒவ்வொரு மூட்டாக, ஒவ்வொரு விளிம்பாகக்
காட்டிக்கொண்டே போகிறாள்.
கருவி வாயே திறக்கவில்லை.
வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை.
அப்படியானால்
உள்ளே இருப்பதுதான் வந்துகொண்டிருக்கிறது.

ரெலாவ்வில் என் புது வீட்டு அலமாரியும் இப்படித்தான்.
ஆறு மாதமாய்ப் பசை நாற்றம். கண் எரியும்.
சன்னலைத் திறந்து வையுங்கள்,
அதுவாகப் போனால்தான் போகும் என்றான் தச்சன்.

எஃகு பார்க்கத்தான் இறுக்கம்.
துடைத்து, கழுவி, கையுறை போட்டுத் தொட்டாலும்
தோலெல்லாம் ஈரம் வைத்திருக்கும்.
சூட்டுப் பட்டை சுற்றி, அலுமினியத் தாள் போர்த்தி
நூற்றைம்பது டிகிரியில் இரண்டு நாள் வாட்டினோம்.
முதலில் தண்ணீர் வந்தது.
யாரோ வெறும் கையால் வைத்த பெருவிரலின் எண்ணெய் வந்தது.
பிறகு, உலையில் உருகிக் கிடந்தபோது விழுங்கிய ஹைட்ரஜன்,
அவசரமே இல்லாமல்.
இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது திரையில் இருந்தது.
இருபத்தெட்டில் ஒரு முனை. முப்பத்திரண்டில் ஒன்று.
நாற்பதில் சின்னதாய் ஒன்று.
நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான்.
வெறும் காற்று.
பாசார் மாலாமில் சாத்தே வாசத்தைத் தூக்கித் திரியுமே,
அதே காற்று.

ஹஸ்லிண்டா என்னைப் பார்த்தாள்.
"ஸ்க்ரூ," என்றாள்.

அடிமூடிய துளைக்குள் திருகிய போல்ட்.
நுனிக்குக் கீழே மிளகளவு இடம்.
அங்கே மாட்டிக்கொண்ட காற்று
மரை மரையாய்ச் சுற்றி ஏறி
இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்
வாசலுக்கு வருகிறது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
இந்தக் கலனை மூடி, பிளாஸ்டிக் சுற்றி
ஸ்டோருக்கு அனுப்பியது ஒரு புகைமூட்ட செப்டம்பர்.
பாலம் தெரியாத வாரம். பள்ளிகளை மூடியிருந்தார்கள்.
போல்ட் எட்டு. இறுக்கியவர்: என் கையெழுத்து.
உதவி: யோகராணி.

உதவி என்றால் எதிரே நின்று விளக்குப் பிடித்தாள்.
ஐந்தாவது போல்ட்டில் சொன்னாள்,
மாதக் கடைசியில் ஜொகூர் போகிறேன்,
அங்கிருந்து தினமும் சிங்கப்பூர் வேலைக்கு.
"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறாவதை எடுத்தேன்.
தேவைக்கு மேல் கால் சுற்று இறுக்கினேன்.

அது அன்றைய காற்றேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.
நான்கு வருடம் ஸ்டோரில் கிடந்ததில்
மரைவழியே மெல்ல மாறியிருக்கும்.
மிஸ்டர் ஓங்கிடம் சொன்னால் சிரிப்பார்.
ஆனாலும் ஆறாவதைக் கழற்றும்போது
காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன்.
ஒரு சத்தமும் இல்லை.
மரையில் கருப்பாய் ஒரு தூசி, அவ்வளவுதான்.

நடுவில் துளையிட்ட போல்ட்டுகள் எட்டையும் மாட்டினோம்.
அறிக்கையில் எழுதினேன்:
கசிவு இல்லை. அடைபட்ட காற்று.

காலை ஏழு. பத்து மாவுங் பக்கம்
கடல் வற்றிச் சேறு கிடக்கிறது.
ஒரு குமிழ் எழும்பி உடைகிறது.
நான் பார்க்காத இடத்தில் இன்னொன்று.
பஸ்ஸில் யாரோ மூக்கைப் பொத்துகிறார்கள்.
போனில் அவள் எண் "யோகா ஷிப்ட் பி" என்றே இருக்கிறது.
பசியாறியாச்சா என்று அடித்தேன்.
இன்னும் அனுப்பவில்லை.
ஓட்டுநர் பிரேக்கை விடுகிறார்,
உஸ்ஸென்று நீளமாய்க் காற்று.
கதவு திறக்கிறது.
என் நிறுத்தம் அடுத்தது.